நாற்பத்தைந்து வயதுப் பிரிவு

இன்று காலை நஞ்சன்கூடு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது ஒரு போன். என் கணவர் அருள் வாங்கிவந்த டிரையத்லான் பத்திரிகையிலிருந்து ஒரு பெண் பேசினாள். சந்தா முடிகிறதாம்.

அருள் இறந்து ஏழு மாதம் ஆகிறது. அவளுக்குத் தெரியாது.

"கங்கிராட்ஸ் மேடம். சாருக்கு இந்த வருஷம் நாற்பத்தஞ்சு. புது ஏஜ் குரூப் அல்லவா?"

நீந்தி, சைக்கிள் ஓட்டி, அதற்கு மேல் ஓடவும் செய்கிற இந்தக் கூட்டம் மட்டும்தான் வயது கூடினால் வாழ்த்துச் சொல்லும். நாற்பத்தைந்து ஆனால் அடுத்த பிரிவு. அதில் இவர்தான் சின்னவர், மெடலுக்கு வாய்ப்பு அதிகம். இரண்டு வருடமாக அந்தப் பிறந்தநாளுக்காக நாள் எண்ணிக்கொண்டிருந்தார் மனிதர்.

அவள் அடுத்துக் கேட்டாள். "இந்த சீசன்ல எந்த ரேஸ் ரிசல்ட்லயும் சார் பேர் காணோமே. இன்ஜுரியா?"

அவர்கள் உலகத்தில் ஒருவர் காணாமல் போக வேறு காரணமே கிடையாது.

"ஆமாம்மா" என்றேன்.

"ஹௌதா? அப்படியா? பரவாயில்ல மேடம். அவசரப்பட வேண்டாம்னு சொல்லுங்க. ரெஸ்ட்டும் டிரெய்னிங்தான்."

"சொல்றேன்."

ஜன்னலுக்கு வெளியே, ஞாயிறுதோறும் அவர் சைக்கிள் மிதித்த அதே ரோடு.

சந்தாவை இன்னும் ஒரு வருடத்துக்கு நீட்டிவிட்டேன். எனக்கு நீச்சலும் தெரியாது, சைக்கிளும் தெரியாது. படிக்க யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள், தருகிறேன். ஆனால் பத்திரமாகத் திருப்பித் தரவேண்டும். பக்கத்தை மடித்தால் அருளுக்குப் பிடிக்காது.