காட்டுக்குப் போன ஐஸ் டீ

ஐஸ் டீ என்று ஒன்று இருப்பதை எங்கள் லயத்துக்கு, எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, முதலில் வந்து சொன்னவள் சித்தி. பள்ளிவாசல் என்கிற ஊர்ப் பக்கம் ஒரு ரிசார்ட்டில் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலை அவளுக்கு. லீவில் வரும்போதெல்லாம் அங்கே தங்க வருகிறவர்கள் அடிக்கும் கூத்துகளைச் சொல்லி எங்களைச் சிரிக்க வைப்பாள். அந்த முறை அவள் சொன்னது இது: டீயைப் போட்டு, வேண்டுமென்றே ஆறவைத்து, அன்னாசியையும் புதினா இலையையும் போட்டு, ஐஸ் கட்டியை மிதக்கவிட்டு, ஒரு குழாயைச் சொருகிக் கொடுக்கிறார்களாம். வந்தவர்கள் குடிக்கும் முன் அதைப் போட்டோ வேறு எடுக்கிறார்களாம்.

அப்பா தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். அவருக்கு இது நம்பும்படியாக இல்லை. "ஆறிப்போன டீயவா காசு குடுத்துக் குடிக்கானுவ? கூறுகெட்ட பயலுவ" என்றார். எங்கள் லயத்தில் வீட்டுக்கு வந்தவருக்கு ஆறின டீயைக் கொடுத்தால் அடுத்த பொங்கல் வரை பேச்சுவார்த்தை இருக்காது. ஆறின டீ குடிக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான், அது காடு. தேயிலைத் தோட்டத்தை நாங்கள் காடு என்றுதான் சொல்வோம். கொழுந்து எடுக்கப் போகிற பெண்கள் காலையில் பால் இல்லாத கட்டன் டீயைப் பாட்டிலில் ஊற்றிக்கொண்டு போவார்கள். இடைவேளையில் திறக்கும்போது அது பச்சைத் தண்ணீராக ஜில்லிட்டுப் போயிருக்கும்.

எனக்கு அப்போது பத்து வயது. கோபம் மூக்குக்கு மேலே வரும், இப்போதும் அப்படித்தான். கொழுந்து எடுக்கிறவள் என் அம்மா. அந்த டீ யாருக்கோ பழத்தோடும் புதினாவோடும் போகிறது, எடுத்தவளுக்கு மட்டும் வெறும் கட்டனா? இது எந்த ஊர் நியாயம் என்று நான் கேட்டேன். சித்தி சிரித்துவிட்டு அடுத்த கதைக்குப் போனாள்.

அந்த நேரம் பார்த்து அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனது. நீர்க்கடுப்பு. அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள், நடுக்கம் எடுத்துக் காய்ச்சலும் வந்தது. ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். டாக்டர் மலையாளத்துக்காரர், எங்களுக்காகத் தமிழும் பேசுவார். "வெள்ளம் குடிக்கிறதே இல்ல, அதான். நல்லா வெள்ளம் குடிக்கணும், கேட்டோ? இல்லேங்கில் கிட்னிக்குப் போகும்" என்று சத்தம் போட்டார். வெள்ளம் என்றால் மலையாளத்தில் தண்ணீர் என்பது எல்லோருக்கும் தெரியும். அம்மா ஒரு தப்பும் செய்யாத பிள்ளை மாதிரி தலையை ஆட்டினாள். கிட்னி என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. ஆனால் அடுத்த லயத்தில் ஒருவர் அது கெட்டுப்போய்த்தான் செத்தார் என்று தெரியும். பஸ்ஸில் திரும்பும்போது அம்மாவின் சேலையை நான் விடவே இல்லை.

வெறும் தண்ணீரும் கட்டனும் நாக்குக்குப் பிடிக்காமல்தான் அம்மா குடிப்பதில்லை என்று நானாக முடிவு செய்தேன். ருசியாக இருந்தால் குடிப்பாள், குடித்தால் சாக மாட்டாள். ஆக, ஐஸ் டீ.

சித்தி சொன்னதில் பாதி எங்கள் வீட்டில் கிடையாது. அன்னாசி இல்லை, வேலியில் படர்ந்திருந்த பேஷன் ஃப்ரூட் இருந்தது. பக்கத்து வீட்டில் மரத்தக்காளி இருந்தது, கேட்காமல் பறித்தேன். எண்ணெய் டின்னில் புதினா வளர்ந்தது. வாய்க்கால் ஓரம் எலுமிச்சை வாசம் அடிக்கும் தைலப்புல். ஐஸ் கட்டி எங்களுக்கு எதற்கு? ஊற்றிலிருந்து வரும் குழாய்க்கு அடியில் தூக்குவாளியை வைத்தால் போதும், பல் கூசும்.

முதல் நாள் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் கொதிக்கவிட்டேன். புதினா கருத்து, பழம் திரிந்து, சுத்தமான கஷாயம். அப்பா ஃபேக்டரியிலிருந்து கொண்டுவரும் டஸ்ட் டீத்தூள் ஒரு சிட்டிகை கூடினாலும் நாக்கைப் பிடித்து இழுக்கும். அடுத்த நாள் தூளைக் குறைத்தேன், ஆனால் சூட்டோடு குழாயடியில் வைத்ததில் டீ கலங்கிச் சேற்றுத் தண்ணீர் ஆனது. பிறகுதான் பிடிபட்டது. தைலப்புல்லை மட்டும் தண்ணீரில் கொதிக்கவிட்டு, இறக்கி, தூளைப் போட்டு உடனே வடிக்க வேண்டும். தானாக ஆறின பிறகு மறையூர் வெல்லம் கரைத்த பழச்சாற்றை ஊற்ற வேண்டும். புதினாவைக் கையால் கிள்ளிக் கடைசியில் போட வேண்டும். டம்ளரில் ஊற்றிப் பார்த்தேன். அந்தி வெயில் நிறம், வாசனை வாசல் வரை வந்தது. அப்பா ஒரே மடக்கில் குடித்துவிட்டு டம்ளரை மறுபடியும் நீட்டினார்.

அம்மா வேலைக்குத் திரும்பிய நாளிலிருந்து அவள் பாட்டிலை நான்தான் நிரப்பினேன். சாயங்காலம் பாட்டில் காலியாகத்தான் வந்தது. "நல்லாருந்துச்சாம்மா?" என்று கேட்பேன். "அமிர்தமாட்டம் இருந்துச்சுட்டி" என்பாள். எனக்குத் தலைகால் புரியாது. ஆனால் மாதம் முடிவதற்குள் அம்மாவுக்கு மறுபடியும் நீர்க்கடுப்பு வந்தது. மறுபடியும் அதே டாக்டர், அதே சத்தம். "பறஞ்சா கேக்கில்லல்லோ!" என்றார், சொன்னால் கேட்பதில்லையே என்று. எனக்குப் பொறுக்கவில்லை. "எங்கம்மா தெனமும் ஒரு பாட்டில் குடிக்காவ! நாந்தான் போட்டுக் குடுக்கேன்!" என்று நானும் சத்தம் போட்டேன். அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தாள். அங்கேதான் எனக்குச் சந்தேகம் வந்தது.

சனிக்கிழமை பள்ளிக்கூடம் கிடையாது. சொல்லாமல் கொள்ளாமல் மலையேறினேன். அப்போது இடைவேளை. பெண்கள் நிரையை, அவரவர் செடி வரிசையை, விட்டு வந்து, கொழுந்து வெட்டும் கத்திரிகளைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். அம்மா என் பாட்டிலைத் திறந்து மூடியில் ஊற்றினாள். உதட்டை நனைத்துக்கொண்டு மூடியைப் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவிடம் கொடுத்தாள். அவளும் நனைத்துக்கொண்டு அடுத்தவளிடம் கொடுத்தாள். "புதினா வாசம் தூக்குதுடி" என்று எல்லோரும் பாராட்டினார்கள். பாராட்டி முடித்ததும் அம்மா பாட்டிலைக் கவிழ்த்து, மீதி முழுவதையும் ஒரு தேயிலைச் செடியின் தூரில் ஊற்றினாள்.

நான் அலறிய அலறலில் கொக்கு குருவியெல்லாம் பறந்திருக்கும். "எதுக்கு ஊத்துன? நான் எம்புட்டுக் கஷ்டப்பட்டு..." அதற்குள் அழுகை வந்துவிட்டது. அம்மா பதறி எழுந்தாள். பெரியம்மாதான் சிரித்தபடி சொன்னாள்: "ஏட்டி, நீயும் பெரியவளாயி இங்கிட்டு வருவேல்லா? அப்ப நீ குடிக்கியா ஊத்துதியான்னு பாப்போம்."

மேலே பாறையில் உட்கார்ந்திருந்த சூப்பர்வைசர் என்ன சத்தம் என்று இறங்கி வந்தார். விஷயத்தைக் கேட்டு, வேறொரு பாட்டிலில் எனக்காக நான் கொண்டுவந்திருந்ததை வாங்கினார். ஒரே மூச்சில் பாதி, அடுத்த மூச்சில் மீதி. "ஹோட்டல்ல கூட இப்படிக் கிடைக்காது பாப்பா" என்று என் தலையைத் தட்டினார். எனக்குக் கண்ணீர் நின்றுவிட்டது. பிறகு அவர் நாலு எட்டு நடந்து சவுக்கு மரத்துக்குப் பின்னால் போனார். கொஞ்ச நேரத்தில் பேண்ட்டைச் சரிசெய்துகொண்டு திரும்பி வந்து, பாறையில் உட்கார்ந்தார். பெண்கள் எல்லோரும் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பாத்தியா, சார் எப்படிக் குடிக்காரு! மனுசன்னா அப்படி இருக்கணும்" என்று அம்மாவிடம் கத்தினேன். பெரியம்மா சிரித்தாள் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தாள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "பேசாம வீட்டுக்குப் போட்டி" என்றாள்.

ப்ளஸ் டூ முடித்துவிட்டுச் சும்மா இருந்தபோது நானும் அதே மலைக்குத் தற்காலிக வேலைக்குப் போனேன். முதல் நாளே தெரிந்துவிட்டது. அந்த மலை முழுக்க ஒரு கக்கூஸ் கிடையாது. செடி இடுப்பு உயரம்தான். மேலே பாறையில் சூப்பர்வைசர், கீழே சாலையில் காரை நிறுத்திவிட்டு எங்களைப் போட்டோ எடுக்கிற டூரிஸ்டுகள், நடுவில் அட்டைக்கடி. உட்கார இடம் எங்கே? அதனால் காலையில் போகிறவள் கொழுந்தை எடை போட்டு முடிக்கும்வரை அடக்கிக்கொள்ள வேண்டும். அடக்க வேண்டுமென்றால் குடிக்கக் கூடாது. மருந்தடிக்க மிஷின் மலையேறுகிறது, கொழுந்து ஏற்ற டிராக்டர் ஏறுகிறது. நாலு தகரமும் ஒரு கதவும் மட்டும் ஏறாதாம். டாக்டர் குடி குடி என்று சத்தம் போட்டாரே, எங்கே போவாய் என்று ஒரு வார்த்தை கேட்டாரா? அம்மாவுக்கும் அதை வாய்விட்டுச் சொல்லக் கூச்சம்.

ஆனால் அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் எனக்கு இதெல்லாம் தெரியாது. மிச்சமிருந்த டீயைத் தூக்குவாளியில் வைத்துக்கொண்டு, சண்டை போடத் தயாராகக் கதவருகில் நின்றேன். அம்மா வந்தாள். என் முகத்தைக்கூடப் பார்க்காமல், இடுப்பில் கட்டிய சாக்கைக்கூட அவிழ்க்காமல், என்னை இடித்துக்கொண்டு பின்பக்கக் கக்கூசுக்கு ஓடினாள். தினமும் அப்படித்தான் ஓடுவாள். பெற்ற பிள்ளையை ஒரு பொருட்டாக மதிப்பதில்லை என்று தினமும் நான் மனதுக்குள் பொருமுவேன்.

திரும்பி வந்தவள் தூக்குவாளியை வாங்கி, நின்றபடியே கடைசிச் சொட்டு வரை குடித்தாள். கழுத்து நரம்பு ஏறி ஏறி இறங்கியது. "நெசமாவே நல்லாருக்குட்டி" என்றாள்.

"அப்ப அங்கேயே குடிக்க வேண்டியதுதான? சார் குடிக்கலையா?"

"அவரு ஆம்பளைட்டி."

"ஏன், ஆம்பளைக்கு மட்டுந்தான் தாகம் எடுக்குமோ?"

அம்மா தூக்குவாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அடுப்பு மூட்டப் போனாள். வாயடைக்க வைத்துவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை. அதே கேள்வியை மேலே பாறையில் இருந்தவரிடமும், ஆஸ்பத்திரியிலும், மேனேஜர் இருக்கிற எஸ்டேட் பங்களாவிலும் போய்க் கேட்டிருக்க வேண்டும் என்பது அந்தப் பத்து வயதில் எனக்குத் தெரியவில்லை.