ரதி பீடத்துப் பெருவிரல்

தல்லாகுளம் ஆபீசில் அன்று இருந்தவர்கள்: சிலைக்குச் சான்று கொடுக்கிற ஆபீசர். வாசலில் ஒரு போலீஸ்காரர். எங்கள் முதலாளி. நான். மேசைமேல் அன்னத்தில் உட்கார்ந்த ரதி, வெண்கலம், ஒன்றரை அடி.

எமர்ஜென்சி முடிந்த மறுவருசம். விளாங்குடிப் பட்டறையில் பழைய சிலைகளைப் பார்த்துப் புதுசாக வார்ப்போம். களிம்பு ஏத்துவது என் வேலை. புளி, உப்பு, சாணி பூசி நாற்பது நாள் மண்ணில் புதைத்தால் ஐநூறு வருசப் பச்சை பிடித்துவிடும். பழஞ்சிலையை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது; அதனால் போகிற சிலைக்கு, புதுசுதான் என்று சான்று வேண்டும்.

ஆபீசர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எந்தக் கோயில்ல தூக்குனது?"

முதலாளிக்கு வேர்த்துவிட்டது. "நாங்க வார்த்ததுங்கய்யா. களிம்பு இவன் ஏத்துனது."

"இம்புட்டுப் பச்சைய யாருய்யா புதுசுன்னு நம்புவா? சாயங்காலத்துக்குள்ள நிரூபிக்கணும். இல்லேன்னா கேஸ்."

நான் சிலையைக் கவிழ்த்துக் காட்டினேன். பீடத்தடியில் ஒரு பெருவிரல் பதிந்திருந்தது. மெழுகில் பிடித்த உருவத்தில் என்ன இருக்கிறதோ, அது வெண்கலத்திலும் வரும்.

"யார் விரலு?"

"மெழுகு புடிச்சவ. என் சம்சாரம் பேச்சி."

"கூட்டிட்டு வா."

அவள் உசிலம்பட்டியில் அவள் அப்பன் வீட்டில் இருந்தாள். போய் ஒரு வருசம்.

பேச்சிக்குக் கையெழுத்து வராது. மெழுகு பிடித்து முடித்ததும் பீடத்தடியில் விரலை அமுக்குவாள். முதலாளி அதை ராவி அழிக்கச் சொல்வார். வார்த்தபிறகு நான் அரம் போட்டு ராவிவிடுவேன். அதுதான் சண்டை. "நான் செஞ்சதுக்கு ஒரு அடையாளம் இருக்கக் கூடாதா?" என்றாள். "முதலாளி சொல்றார்ல" என்றேன். மறுநாள் போய்விட்டாள். அவள் விட்டுப்போன கடைசி மெழுகில் வார்த்தது இந்த ரதி. இதை மட்டும் நான் ராவவில்லை.

நான் போனபோது மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு வந்தீக?"

"ஒம் பெருவிரல் வேணும்."

"அறுத்துக்கிட்டுப் போங்க. அரம் கையில இருக்குமே."

விஷயத்தைச் சொன்னேன்.

"ராவலையா?"

"இல்ல."

வாளியைக் கீழே வைத்தாள். சேலை மாற்றிக்கொண்டு வந்தாள்.

ஆபீசில் மசி தொட்டுக் காகிதத்தில் அமுக்கினாள். ஆபீசர் லென்சு வைத்துப் பார்த்தார். விரலில் மெழுகு சுட்ட வடு குறுக்கே ஓடும். சிலையிலும் ஓடியது. சான்றில் கையெழுத்துப் போட்டார்.

முதலாளி கும்பிட்டார். "காப்பாத்திட்ட தாயி."

"இனிமேயாச்சும் ராவச் சொல்லாதீக" என்றாள்.

பஸ் ஸ்டாண்டுவரை கூடப் போனேன். உசிலம்பட்டி பஸ் நின்றது. அவள் ஏறவில்லை. மசியைச் சேலையில் துடைத்துக்கொண்டே நின்றாள். வீட்டுக்கு வா என்று சொன்னால் போதும்.

"கடலை வாங்கட்டுமா?" என்றேன்.

"வேணாம்."

பஸ் போனது. அடுத்தடுத்து வந்தது. ஒன்றிலும் ஏறாமல் நின்றாள். ராவாமல் விட்ட எனக்கு, வா என்று சொல்ல வரவில்லை. இருட்டப் போகிறது என்று "வாரேன்" சொல்லி ஏறிவிட்டாள். அப்புறம் நான் போகவில்லை, அவளும் வரவில்லை.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் அடுத்தவர் விரல்மேல் அரம் வைக்காதீர்கள். கூப்பிட வேண்டியவர்களை வாய்விட்டுக் கூப்பிடுங்கள்.

அவள் ஏறாமல் விட்ட பஸ் நாலு.