சுண்ணாம்பு தடவிய கலயம்

பணத்துக்கு முன்னால் எந்தச் சத்தியமும் நிற்காது என்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

பாளையங்கோட்டைக்குத் தெற்கே, ஆற்றுத் தண்ணீர் எட்டாத ஊர் எங்களுடையது. என் வீட்டுக்காரர் பனையேறி. கள் இறக்குவதில்லை என்று எங்கள் இருவரிடமும் வேதக்கோயில் சபையில் சத்தியம் வாங்கியிருந்தார்கள். பனையில் கட்டும் கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். தடவுவது என் வேலை.

மழை பொய்த்த வருஷம். கள்ளுக்கடையை ஏலம் எடுத்தவர் ஒருநாள் காலையில் பனையடிக்கு வந்தார்.

"இனிமே சுண்ணாம்பு வேண்டாம்ட்டி. ஒம் மாப்பிள்ளை நேத்தே அச்சாரம் வாங்கிட்டான்."

நான் அவர் கண்ணெதிரிலேயே எல்லாக் கலயத்திலும் கெட்டியாகத் தடவி வைத்தேன்.

"வாங்குன கை அவருது. தடவுத கை என்னுது."

அப்போது என் வீட்டுக்காரர் வந்தார். கலயங்களைக் குனிந்து பார்த்தார். மடியை அவிழ்த்து, அச்சாரத்தைக் கடைக்காரரிடமே நீட்டினார்.

"ஏம்லே, பொண்டாட்டிக்கா பயப்படுத?"

"பயமில்ல அண்ணாச்சி. அவ கை தயங்கியிருந்தா நான் கள்ளுக்கு ஏறியிருப்பேன்."

அந்தக் கோடை முழுக்க அரைவயிற்றுக் கஞ்சிதான். எனக்கு வருத்தமில்லை. ஏறுகிறவரோடு நிறுத்தாமல் தடவுகிறவளிடமும் ஏன் சத்தியம் வாங்கினார்கள் என்பது அன்றுதான் விளங்கிற்று.