அட்டையில் நான் எழுதிய நேரங்கள்

புனே பக்கம் பிம்ப்ரியில் நான் முதலில் வேலை பார்த்த நகராட்சி மருத்துவமனையில், படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைத் திருப்பிப் படுக்கவைக்கக் கணக்கு எதுவும் கிடையாது. நோயாளியின் மகளோ மருமகளோ ஒரு பக்கம் பெட்ஷீட்டைப் பிடிப்பாள், மறுபக்கம் நான். கூட்டமும் நாற்றமும் தாங்காது. ஆனால் திருப்புவோம்.

பிறகு சேர்ந்த பாணேர் தனியார் மருத்துவமனையில் ஒவ்வொரு கட்டிலிலும் ஓர் அட்டை தொங்கியது. படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிவிட்டு, நேரத்தை எழுதிக் கையெழுத்திட வேண்டும். எங்கள் வீட்டில் எல்லோரும் கைநாட்டு. பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, உதவியாளர் பயிற்சியும் பெற்றவள் நான் ஒருத்திதான். என் எழுத்தைப் பார்த்த சிஸ்டர், "எல்லா அட்டையையும் இனிமே நீயே எழுது" என்று இந்தியில் சொன்னார். அன்று அம்மாவிடம் அதை இரண்டு முறை சொன்னேன்.

பதினெட்டுக் கட்டில்கள். உதவியாளர்கள் நாங்கள் இருவர். மற்றவளைப் பாதி நேரம் ஸ்கேன் அறைக்கு அனுப்பிவிடுவார்கள். ஒருவரைத் திருப்ப இரண்டு பேர் வேண்டும். அதனால் காலையில் வந்ததுமே எட்டு, பத்து, பன்னிரண்டு, இரண்டு என்று மொத்தமாக எழுதிவிடுவேன். யாரும் கேட்டதில்லை.

ஏழாம் கட்டிலில் கோயம்புத்தூர் அம்மா ஒருவர். இடுப்பெலும்பு முறிவு, சர்க்கரை வேறு. அந்த வார்டில் அவரோடு தமிழில் பேச நான் மட்டும்தான்.

"முதுகு தீயாட்டம் எரியுது கண்ணு. ஒருக்காத் திருப்பி உடேன்."

"இதோ ஆள் வந்துரட்டும்மா."

முதுகில் முதலில் சிவந்த இடம் பத்தே நாளில் கறுத்து வாடை அடித்தது. சர்க்கரையால் வந்தது என்றார் டாக்டர். ஐடி வேலையிலிருக்கும் அந்த அம்மாவின் மகன் அட்டையைக் கையில் எடுத்து வாசித்தார்.

"ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்காத் திருப்பியிருக்காங்கம்மா. எழுதியிருக்குது பாரு. உனக்குத்தான் மறந்து போகுது."

"நெசமாவா?" என்றார் அந்த அம்மா. என்னைப் பார்த்துத்தான் கேட்டார். அவர் தன் நினைவையே சந்தேகிப்பது தெரிந்தது.

"அவங்களுக்கு மறக்கல சார்," என்றேன். "நான் திருப்பல. எழுதினது மட்டும்தான்."

"எத்தன நாளு?" என்றார் மகன்.

"அவங்க இங்க வந்ததுலேருந்து."

அவர் திட்டுவார் என்று நின்றேன். "அந்தப் பக்கம் பிடிங்க" என்றார். ஆளுக்கொரு பக்கம் பெட்ஷீட்டைப் பிடித்துத் திருப்பினோம். அந்த அம்மா கத்தியபடி மகனின் சட்டையைப் பற்றிக்கொண்டார். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

"இவ்வளவுதானா?" என்று கேட்டார் மகன்.

"ஆமா சார்."

அன்று மாலையே என்னை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். கறுத்த சதையை வெட்டியெடுக்க அந்த அம்மாவைக் கொண்டுபோனதாகக் கூட வேலை பார்த்தவள் போனில் சொன்னாள். பிறகு என்ன ஆனது என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை.