காலைப் பலகாரத்துக்கு உருளைக்கிழங்கு

எங்க அண்ணன் சிலோன்ல தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களாவில சமையல்காரரா இருந்தவர். குடியுரிமை இல்லைன்னு போன மாசம் குடும்பத்தோட கப்பலேத்தி அனுப்பிட்டாங்க. வந்ததுலேருந்து வேலை தேடுறார்.

இன்னைக்குக் காலையில ஒரு காபி கிளப் முதலாளி, "ஏதாச்சும் செஞ்சு காட்டுங்க, பார்ப்போம்"னு வீட்டுக்கே வந்தார்.

பங்களாவில துரையோட காலைப் பலகாரத்துக்கு உருளைக்கிழங்கை மூடின அடுப்புக்குள்ள வச்சுச் சுடுவாங்களாம். நம்ம வீட்டுல அது ஏது? அண்ணன் கிழங்கை நறுக்கி, எண்ணெய், உப்பு, மிளகுத்தூள் போட்டுப் பிரட்டி, இரும்புச் சட்டியில வச்சு மூடினார். மூடி மேலயும் தணலை அள்ளிப் போட்டார். திறந்தப்போ ஓரமெல்லாம் செவந்து முறுகியிருந்துச்சு.

முதலாளி தட்டை வழிச்சுத் தின்னார்.

"ருசியாத்தான் இருக்கு. ஆனா காலையில கிழங்கு கேட்டு எவன் வர்றான்? இட்லிக்கு மாவாட்டத் தெரியுமா?"

"பழகிக்கிறேங்க."

"பழகின ஆளுங்களே வேலை கேட்டு நிக்கிறாங்கப்பா."

அவர் போனதும் அண்ணன் சொன்னார், "துரையும் இங்கிட்டு வரப்போறதில்ல, நானும் அங்கிட்டுப் போக முடியாது."

அண்ணி சுவத்துப் பக்கம் திரும்பி உட்கார்ந்துட்டாங்க.

விடிஞ்சதும் உருளைக்கிழங்கு தின்கிற ஊர் நம்ம பக்கம் ஏதாச்சும் இருந்தா சொல்லுங்க. அண்ணன் நடந்தே வந்துடுவார்.