லான்மடாவில் ஆனைப்புளிப் பாகு

காலை 9.40. யாங்கோன் விமான நிலையத்திலிருந்து லான்மடாவுக்கு டாக்சிக்காரர் முப்பதாயிரம் கியாட் கேட்டார். பேரம் பேசத் தெம்பில்லை. மழை வந்து போன சாலை. ஈரத்தின் மேல் வெயில், வெயிலின் மேல் லொங்கிக் கைலி கட்டிய ஊர்.

11.15. சிநேகிதர் ஷாகுலின் மளிகைக் கடை. போன வருஷம் எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு ராமநாதபுரம் வந்த அவரும் மனைவி ஆமினாவும், மாப்பிள்ளையைவிட எங்கள் ஆனைப்புளி மரத்தைத்தான் அதிகம் பார்த்தார்கள். ஆறு பேர் கைகோத்தாலும் வளைக்க முடியாத அடிமரம். மேலே சுரைக்காய் போல் தொங்கும் பழம். ஒரு மூட்டை கொடுத்தனுப்பினேன்.

"வா மாப்ளே" என்றார் ஷாகுல். எழுந்திருக்கவில்லை. இடது பாதத்தில் துணிக்கட்டு. "செருப்புக் கடிச்சிருச்சு. ஒரு மாசமா ஆறலே."

"செருப்புக்கும் இவரு மேல கோவம் அண்ணே" என்று ஆமினா ஒரு கிளாஸ் நீட்டினாள். உங்க ஆனைப்புளிப் பாகுதான் என்றாள். புளிப்பு முதலில் நாக்கை வெட்டியது. பின்னாலேயே இனிப்பு வந்து தைத்தது.

"தினம் மூணு கிளாஸ். மாத்திரையெல்லாம் நிறுத்தியாச்சு" என்றார் ஷாகுல்.

"எந்த மாத்திரை?"

"சர்க்கரை மாத்திரைதான்."

கிளாஸ் கையிலேயே நின்றுவிட்டது. "இதுல சர்க்கரை போடலையா?"

"அல்லா! சர்க்கரைக்காரருக்குச் சர்க்கரை போடுவேனா? ஒரு பொட்டு கிடையாது. தன்யெதான்." டப்பாவைத் திறந்து காட்டினாள். பழுப்பு உருண்டைகள், பர்மியப் பனைவெல்லம். ஒரு பங்கு பழத்துக்கு இரண்டு பங்காம்.

"வெல்லமும் சர்க்கரைதாம்மா!"

"நீங்கதானே எழுதுனீங்க?" போனை நீட்டினாள். என் வாட்ஸாப் செய்தி: 'ஆனைப்புளி சர்க்கரைக்கு நல்லது. மரம் தரும் மருந்து.'

பழத்துக்குள் இருக்கும் வெள்ளை மாவைச் சொன்னேன். அதில் நார்ச்சத்து, வைட்டமின் சி, கால்சியம் எல்லாம் உண்டு. சர்க்கரை ரத்தத்தில் ஏறும் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கக்கூடியது நார். அதுவும் உணவுதான், மாத்திரைக்கு மாற்றில்லை. ஆமினா காய்ச்சியதில் வைட்டமின் பெரும்பாலும் போயிற்று. வடிகட்டியதில் நார் போயிற்று. மிஞ்சியது புளிப்பு முகமூடி போட்ட வெல்லம். இதையெல்லாம் நான் எழுதவில்லை. எழுதும்போது வாக்கியத்தின் ஓசைதான் எனக்குப் பெரிதாக இருந்தது.

12.30. இரண்டு தெரு தள்ளி ஒரு கிளினிக். டாக்டர் அம்மா விரலில் குத்திப் பார்த்தார். கருவியில் எண் வரவில்லை. அளவு தாண்டிவிட்டது என்ற குறி மட்டும். கட்டை அவிழ்த்தார்கள். சுண்டுவிரல் கறுத்திருந்தது. வழியெல்லாம் கேலி பேசிவந்த ஷாகுல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

டாக்டர் ஏதோ கேட்க, ஆமினா போனைத் திறந்து என் செய்தியைப் பர்மிய மொழியில் சொன்னாள். என் வரிகள் எனக்கே புரியாமல் அறைக்குள் போயின.

"எந்த டாக்டர் எழுதினதுன்னு கேக்குறாங்க அண்ணே."

"நான் டாக்டர் இல்லைன்னு பர்மாப் பேச்சுல எப்படிச் சொல்றது?"

சொல்லித் தந்தாள். திருப்பிச் சொன்னேன். டாக்டர் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு ஊசி மருந்தை எடுத்தார்.

நான்காம் நாள் கிளம்பினேன். விரலை எடுத்துவிட்டார்கள், பாதம் தப்பியது. யாங்கோனில் நான் கற்றுக்கொண்ட பர்மிய வாக்கியம் அது ஒன்றுதான். பிழையில்லாமல் வருகிறது.