மகன் பின்னால் தொழுத மாலை

குழாய் வேலை செய்யும் அவரைத் தெருவே ‘ரெஞ்சு பாய்’ என்றுதான் கூப்பிடும். எந்த மதத்தார் வீட்டில் குழாய் ஒழுகினாலும் ரெஞ்சைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். ஊரார் அடுப்படியெல்லாம் அவருக்கு அத்துப்படி. பெற்ற பிள்ளையின் மனசுதான் பிடிபடவில்லை.

தாயில்லாப் பிள்ளை என்று செல்லம் கொடுத்து வளர்த்த மகன். பதினேழு வயது. ஆறு மாதமாகப் போனில் முகம் காட்டாத யாரோ அவனுக்கு மார்க்கம் சொல்லிக்கொடுத்தார்கள். பள்ளிவாசல் இமாம் வழிகெட்டவராம். வாப்பா அதைவிட மோசமாம்.

ஏணியிலிருந்து விழுந்து, காலில் கட்டோடு ஒரு வாரமாக நாற்காலியே கதியென்று இருந்தார் ரெஞ்சு பாய். அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டு டீச்சர் ரெஞ்சு இரவல் கேட்டு வந்தார். வாசலிலேயே மகன், “உங்களுக்குத் தர்றதுக்கு இங்க ஒண்ணும் இல்ல” என்று அனுப்பிவிட்டான்.

“ஏன்டா, உனக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்த டீச்சர்டா!”

“அவங்க நம்மவங்க இல்ல. உங்க பின்னால தொழுதா என் தொழுகையும் செல்லாது. போன்ல பேசுறவங்ககிட்டயே நாளைக்குப் போயிடுறேன்.”

போனால் பிள்ளை திரும்ப மாட்டான். அதட்ட வாயெடுத்தார், அந்தித் தொழுகைக்கான மஃரிப் பாங்கு கேட்டது.

“சரி, நீ முன்னால நின்னு தொழ வை. நான் உன் பின்னால தொழுறேன்.”

அவன் இதை எதிர்பார்க்கவில்லை. முன்னால் போய் நின்றான். குரல் என்னவோ தேன்தான். தொழுகையின் இரண்டாம் ரக்அத்தில், ஆறு வயதில் மனப்பாடம் செய்த குர்ஆனின் சின்ன சூரா ஒன்றை எடுத்தான். பிறர் பார்ப்பதற்காகத் தொழுகிறவர்களுக்குக் கேடுதான் என்ற இடம்வரை கடகடவென்று ஓதியவன் சட்டென்று நின்றுவிட்டான். திரும்ப ஆரம்பித்தான். திரும்பவும் அங்கேயே நின்றான்.

முன்னால் நிற்பவர் தடுமாறினால் பின்னால் இருப்பவர் எடுத்துக்கொடுக்க வேண்டும். பின்னால் இருந்தது அவர் ஒருவர்தான். பாவம், மறந்துவிட்டான் என்று நினைத்து மெல்ல எடுத்துக்கொடுத்தார்.

“வ யம்னஊனல் மாஊன்.”

அற்பப் பொருளைக்கூட இரவல் தர மறுக்கிறார்கள் என்று அர்த்தம். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது.

பிறகு அவன் அதை ஓதினான். குரல் உடைந்திருந்தது.

ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்த கையோடு எழுந்துபோய்க் கட்டிலடியில் இருந்த ரெஞ்சுப் பெட்டியைத் துழாவினான்.

“வாப்பா, டீச்சர் வீட்டுக் குழாய்க்கு எது சரியா வரும்?”

“சின்னதே போதும்டா” என்றார்.